பதினெட்டு வயதுக்கு முன்: தாஷ்கண்டும் தில்லியும் வளர்க்கும் கால்பந்து வீரர்கள்

சென்னையிலிருந்து தில்லிக்கு உள்ள தூரத்தைவிட, தில்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு உள்ள தூரம் குறைவு. வான்வழியில் சுமார் 1,600 கிலோமீட்டர்தான். இரண்டும் பழைய தலைநகரங்கள், இரண்டிலும் பெரிய ஸ்டேடியங்கள் உண்டு, இரண்டிலும் கால்பந்தைக் கனவு காணும் பையன்கள் உண்டு. ஆனால் கால்பந்து வரைபடத்தில் அவை வெகு தொலைவில் நிற்கின்றன. 2024 ஜனவரி 18 அன்று கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பை ஆட்டத்தில் உஸ்பெகிஸ்தான் இந்தியாவை 3-0 என்று வென்றது. மூன்று கோல்களும் முதல் பாதியிலேயே விழுந்தன. முதல் கோலை நான்காம் நிமிடத்தில் அடித்த அப்போஸ்பெக் ஃபைசுல்லாயெவுக்கு அப்போது வயது 20. தாஷ்கண்டின் பக்தகோர் கிளப்பில் வளர்ந்து, மாஸ்கோவின் சிஎஸ்கேஏவுக்குப் போனவர் அவர். அந்தத் தொடரில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் தோற்றது, ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

அடுத்த 18 மாதங்களில் இடைவெளி இன்னும் விரிந்தது. 2025 ஜனவரியில் அப்துகோதிர் குசானோவ் என்ற 20 வயது உஸ்பெக் தடுப்பாட்டக்காரரை மான்செஸ்டர் சிட்டி ஏறத்தாழ 4 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. இங்கிலாந்து பிரீமியர் லீகில் ஆடிய முதல் உஸ்பெக் அவர். அதே ஆண்டு ஜூன் 5 அன்று அபுதாபியில் ஐக்கிய அரபு அமீரகத்துடன் கோலின்றிச் சமன் செய்து, உஸ்பெகிஸ்தான் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்தியாவோ அதற்கு ஓராண்டு முன்பே தகுதிச்சுற்றிலிருந்து வெளியேறியிருந்தது.

இதைத் திறமை, உடல்வாகு, உணவு என்று பேசி முடித்துவிடுவது நம் வழக்கம். அந்த விளக்கம் போதாது. ஓர் இளைஞனின் வெளிநாட்டு வாழ்க்கை விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில், சொந்த ஊரில், அவனுக்குக் கிடைத்த ஆட்டங்களின் எண்ணிக்கையில் அது தொடங்குகிறது. குசானோவின் பாதையையும் தில்லியில் வளர்ந்த சுனில் சேத்ரியின் பாதையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மின்ஸ்க் வழியாக மான்செஸ்டர்

குசானோவ் 2004 பிப்ரவரி 29 அன்று தாஷ்கண்டில் பிறந்தார். தந்தையும் நாட்டணிக்கு ஆடிய கால்பந்து வீரர். பையன் புன்யோத்கோர் கிளப்பின் அகாடமியில் பயின்றான். 2022இல், 18 வயதானதும், பெலாரஸ் தலைநகர் மின்ஸ்க்கில் உள்ள எனர்கெட்டிக்-பிஜியு என்ற சிறிய கிளப்புக்குப் போனார். ஐரோப்பியக் கால்பந்தின் வெளிச்சம் விழாத லீக் அது. உலகத் தொலைக்காட்சியில் அந்த ஆட்டங்கள் வருவதில்லை, சம்பளமும் பெரிதில்லை. ஆனால் வாராவாரம் முழு வளர்ச்சி பெற்ற ஆண்களை எதிர்த்து ஆடும் வாய்ப்பு இருந்தது. 18 வயதுத் தடுப்பாட்டக்காரனுக்கு வேறெந்தச் சொத்தும் அதற்கு ஈடில்லை.

2023 மார்ச்சில் தாஷ்கண்டில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையை உஸ்பெகிஸ்தான் வென்றது. இறுதியாட்டத்தில் ஈராக்கை 1-0 என்று தோற்கடித்தது. அதையடுத்து அர்ஜென்டினாவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் கடைசி 16 அணிகளுள் ஒன்றாக வந்தது. அந்த ஆண்டுதான் பிரான்ஸின் லான்ஸ் கிளப் குசானோவை அழைத்துக்கொண்டது. மாற்றுத்தொகை ஒரு லட்சம் யூரோ அளவில்தான் இருந்தது என்று அன்றைய செய்திகள் கூறின. ஒன்றரை ஆண்டில் அந்தத் தொகை ஏறத்தாழ 400 மடங்கானது.

மான்செஸ்டர் சிட்டிக்கான முதல் ஆட்டம் அவருக்கு எளிதாக இல்லை. 2025 ஜனவரி 25 அன்று செல்சியை எதிர்த்து ஆடும்போது, மூன்றாம் நிமிடத்திலேயே அவர் செய்த தவறால் ஒரு கோல் விழுந்தது. உடனே மஞ்சள் அட்டையும் வாங்கினார். சிட்டி அந்த ஆட்டத்தை 3-1 என்று வென்றது. அப்படித் தடுமாறிய ஒருவர் நிலைகொண்டு எழ முடிந்ததற்கு, அதற்கு முன் மூன்று நாடுகளில் அவர் ஏறி வந்த படிகள் காரணம். அகாடமி, சிறிய லீக், நடுத்தர லீக், பெரிய லீக் என்று ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய உயரத்தில் இருந்தது. படிக்கட்டில் ஒரு படி இல்லாமல் போயிருந்தால் அடுத்ததற்குக் கால் எட்டியிராது.

தில்லிப் பையனுக்குக் கிடைக்காத அனுமதி

சுனில் சேத்ரி 1984 ஆகஸ்ட் 3 அன்று செகந்தராபாத்தில் ராணுவக் குடும்பத்தில் பிறந்தார். தாய் நேபாளப் பெண்கள் அணிக்கு ஆடியவர். தில்லி தௌலா குவான் பகுதியின் ராணுவப் பள்ளியில் படித்தார், 2001-02இல் தில்லியின் சிட்டி கிளப்புக்கு ஆடினார். 2002இல் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார். தலைநகரில் வளர்ந்த திறமைசாலி, தொழில்முறைக் கால்பந்து ஆட வேண்டுமென்றால் தலைநகரை விட்டுப் போக வேண்டியிருந்தது. அவருடைய முதல் இடப்பெயர்வு வெளிநாட்டுக்கு அல்ல, வங்காளத்துக்கு.

தில்லி மண்ணில் அவர் பெரிய ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். 2008 ஆகஸ்ட் 13 அன்று அம்பேத்கர் ஸ்டேடியத்தில் ஏஎஃப்சி சேலஞ்ச் கோப்பையின் இறுதியாட்டம் நடந்தது. மத்திய ஆசியாவின் தஜிகிஸ்தானை இந்தியா 4-1 என்று வென்றது, சேத்ரி ஹாட்ரிக் அடித்தார். அந்த வெற்றிதான் 27 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இடம் வாங்கித் தந்தது. 2009இல் அதே ஸ்டேடியத்தில் சிரியாவைப் பெனால்டியில் வென்று நேரு கோப்பையை இந்தியா தக்கவைத்தது.

அந்த 2009இல்தான் லண்டனின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் சேத்ரியுடன் மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு முன்வந்தது. பிரிட்டன் அரசு வேலை அனுமதி மறுத்தது. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் உள்ள நாடுகளின் வீரர்களுக்கே வழக்கமாக அனுமதி என்பது அன்றைய விதி. இந்தியா நூறுக்கும் வெகு கீழே இருந்தது. அவருடைய கால்களை யாரும் மதிப்பிடவில்லை, அவருடைய நாட்டின் எண்ணைப் பார்த்து மறுத்தார்கள்.

2010இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி விசார்ட்ஸ் அவரை எடுத்தது. லீக் ஆட்டம் எதிலும் இறங்கும் வாய்ப்பு வரவில்லை. 2012இல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்குப் போனார். அங்கே இரண்டாம் அணியில் சில ஆட்டங்களே கிடைத்தன. அடுத்த ஆண்டே கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கடனாகத் திரும்பினார். ஸ்போர்ட்டிங் கிளப்பில் சேர்ந்தபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட 28. அந்த வயதில் ஐரோப்பியக் கிளப் ஒரு வீரனிடம் வளர்ச்சியை எதிர்பார்க்காது, முடிந்த விளைச்சலையே கேட்கும். குசானோவ் மின்ஸ்க்கில் 18 வயதில் கற்றதை, சேத்ரி லிஸ்பனில் 28 வயதில் கற்க நேர்ந்தது.

இந்தியாவுக்காக அவர் 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் விடைபெற்றபோது கணக்கு 151 ஆட்டங்களில் 94 கோல்கள். வயது 39. பத்து மாதம் போகும் முன்பே, 2025 மார்ச்சில், அவரை மீண்டும் அழைத்தார்கள். அவருடைய உழைப்புக்கு இது பெருமை. அவருக்குப் பின் ஒருவரை உருவாக்காத அமைப்புக்கு இது பெருமை சேர்க்காது.

விதி மாறியது, தேவை மாறவில்லை

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். குசானோவ் இங்கிலாந்துக்குப் போனபோது உஸ்பெகிஸ்தானும் முதல் 50 நாடுகளுக்குள் இல்லை. அவருக்கு மட்டும் அனுமதி எப்படிக் கிடைத்தது?

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 முதல் இங்கிலாந்து புள்ளி முறையைக் கொண்டுவந்தது. நாட்டணியின் நிலை இன்றும் கணக்கில் வருகிறது. அதோடு, வீரர் எந்தத் தரத்து லீகில் ஆடினார், எத்தனை விழுக்காடு நிமிடங்கள் களத்தில் இருந்தார், கிளப் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடியதா என்பவையும் புள்ளிகளாகின்றன. 15 புள்ளி சேர்ந்தால் அனுமதி உண்டு. லீக்குகள் ஆறு அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. பிரான்ஸின் முதல் லீக் மிக உயர்ந்த அடுக்கில் இருக்கிறது.

2009இல் நாட்டின் பெயரே கதவை அடைத்தது. இன்று, சரியான லீகில் போதிய நிமிடங்கள் ஆடிய தனி வீரர் தன் நாட்டின் தரவரிசையைத் தாண்டிச் செல்ல முடியும். சேத்ரிக்கு இல்லாத வழி இன்றைய 18 வயது இந்தியனுக்கு இருக்கிறது. ஆனால் அது தில்லியிலிருந்து நேரே லண்டனுக்குப் போவதில்லை. மின்ஸ்க் போன்ற ஊர்கள் வழியாகவே போகிறது.

ஃபிஃபா வைத்த எல்லை

இன்னொரு விதி இதைவிட முக்கியமானது, ஆனால் நம் விவாதங்களில் அரிதாகவே வருகிறது. சிறுவர்களைக் கடத்தலிலிருந்தும் சுரண்டலிலிருந்தும் காக்க, 18 வயதுக்கு உட்பட்டோரை நாடுவிட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விலக்குகள் உண்டு. அவை தில்லியின் சாதாரணக் குடும்பத்துக்குப் பொருந்துவதில்லை.

நல்ல விதி இது. இதன் விளைவு ஒன்றை நாம் முழுதாக உள்வாங்க வேண்டும். ஒரு கால்பந்து வீரனின் அடித்தளம் உருவாகும் ஆண்டுகள் முழுவதும் அவன் சொந்த நாட்டில்தான் இருந்தாக வேண்டும். பந்தை வாங்கும் முன்பே நிமிர்ந்து பார்க்கும் பழக்கம், இரண்டு கால்களாலும் ஆடுவது, இடத்தை அறிவது, தோல்வியைத் தாங்குவது என்று எல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். குசானோவ் 18 வயதான ஆண்டிலேயே பெலாரஸில் ஆண்கள் லீகில் நிற்க முடிந்ததென்றால், தாஷ்கண்ட் தன் வேலையை அதற்குள் முடித்துவிட்டது என்று பொருள். ஐரோப்பா அவரைச் செதுக்கியது. கல்லை எடுத்துக் கொடுத்தது தாஷ்கண்ட்.

நேரு ஸ்டேடியத்தில் அடித்த கார்னர்

தில்லிக்கும் அந்த வேலையைத் தொடங்க ஒரு தருணம் வாய்த்தது. 2017இல் இந்தியா 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தியது. இந்தியாவின் மூன்று ஆட்டங்களும் தில்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். உஸ்பெகிஸ்தான் அந்தத் தொடருக்குத் தகுதி பெறவேயில்லை. அக்டோபர் 9 அன்று கொலம்பியாவை எதிர்த்த ஆட்டத்தின் 82ஆம் நிமிடத்தில், சஞ்சீவ் ஸ்டாலின் அடித்த கார்னரை ஜீக்சன் சிங் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா அடித்த முதல் கோல் அது. ஆட்டம் 1-2 என்று தோல்வியில் முடிந்தாலும் ஸ்டேடியம் எழுந்து நின்றது.

அந்த அணியைக் கலைத்துவிடாமல், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற உள்நாட்டு லீகில் ஆட வைத்தது. இளைஞர்கள் தொழில்முறை ஆண்களை எதிர்த்து ஆட வேண்டும், அணி தரமிறக்கப்படாது என்பது ஏற்பாடு. மிகச் சரியான யோசனை. 2022இல் அந்த அணியை மூடிவிட்டார்கள். உஸ்பெகிஸ்தான் 2021இல் இதே யோசனையைக் கையிலெடுத்தது. ஒலிம்பிக் என்ற பெயரில் இளம் வீரர்களின் அணி ஒன்றைத் தாஷ்கண்டில் அமைத்து உள்நாட்டு லீகில் இறக்கியது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு உஸ்பெகிஸ்தான் முதன்முறையாகத் தகுதி பெற்றது, 23 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையில் 2022, 2024 ஆகிய இருமுறையும் இறுதிக்கு வந்தது. அந்த அணி ஒன்றே இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே யோசனையை நாம் மூடிய காலத்தில் அவர்கள் வளர்த்தார்கள் என்பது மட்டும் உறுதி.

கார்னர் அடித்த சஞ்சீவ் ஸ்டாலின், குசானோவுக்கு முன்பே குசானோவின் பாதையில் கால் வைத்தவர். பெங்களூரில் பிறந்து, சண்டிகர் அகாடமியில் பயின்று, ஆரோஸுக்கு ஆடி, 2020இல் போர்ச்சுகலின் ஆவெஸ் கிளப்புக்குப் போனார். அதே ஆண்டில் பெருந்தொற்று வந்தது, ஆவெஸ் பணநெருக்கடியில் சரிந்தது. பிறகு கீழ்நிலை லீகில் செர்தானென்ஸ் அணியில் சேர்ந்தார். 2021இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குத் திரும்பினார். அவருடைய துணிச்சலில் குறையில்லை. முதல் கிளப் சரிந்தபோது அடுத்த கிளப்பைத் தேடித்தர ஒரு வலைப்பின்னல் அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. உஸ்பெக் இளைஞர்களுக்கு ரஷ்யாவும் பெலாரஸும் பழகிய மொழியும் பழைய சோவியத் தொடர்புகளும் உள்ள நிலங்கள். அவர்களுக்கு முன்னே எல்தோர் ஷொமுரோதோவ் 2017இல் ரஷ்யாவின் ரோஸ்தோவுக்கும், அங்கிருந்து ஜெனோவாவுக்கும், 2021இல் ரோமாவுக்கும் போயிருந்தார். ஒருவர் போன தடத்தில் அடுத்தவர் நடக்கிறார். இந்திய வீரன் ஒவ்வொருவனும் முதலாமவனாகவே போகிறான்.

வந்த நட்சத்திரங்கள், நிலைத்த பள்ளிகள்

தாஷ்கண்டும் ஒரு காலத்தில் குறுக்குவழியை நம்பியது. 2008இல் புன்யோத்கோர் கிளப் பிரேசிலின் ரிவால்டோவைக் கூட்டிவந்தது. ஸீக்கோவும் பிறகு ஸ்கோலாரியும் அதன் பயிற்சியாளர்கள். பின்னால் நின்ற ஸெரோமேக்ஸ் நிறுவனம் 2010இல் வீழ்ந்ததும் நட்சத்திரங்கள் போய்விட்டார்கள். அகாடமி நிலைத்து நின்றது. பின்னாளில் குசானோவ் வந்தது அந்த அகாடமியிலிருந்துதான்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியபோது தில்லி டைனமோஸ் அணிக்கு அலெசாண்ட்ரோ தெல் பியரோ வந்தார். அடுத்த ஆண்டு ராபர்டோ கார்லோஸ். அவர்களைப் பார்த்த சிறுவர்களின் மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் 2019இல் அணியே புவனேசுவரத்துக்குப் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. சென்னையிலிருந்து தில்லி டைனமோஸுக்கு ஆடப்போன நந்தகுமார் சேகரும் அணியோடு சேர்ந்து இடம்பெயர்ந்தார். அதன் பிறகு, சுதேவா தில்லி 2020-21 பருவத்தில் ஐ-லீகுக்கு வந்தது. அகாடமியிலிருந்து வளர்ந்த அணி அது. அதன் உரிமையாளர்கள் ஸ்பெயினின் ஒலிம்பிக் தெ ஷாதிவா என்ற கீழ்நிலைக் கிளப்பையும் வாங்கி, இங்கிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு பாதை போட முயன்றார்கள். 2022-23இல் சுதேவா தரமிறங்கியது. 2025இல் ஹைதராபாத் அணி தில்லிக்கு மாற்றப்பட்டு, ஸ்போர்ட்டிங் கிளப் தில்லி என்று புதுப் பெயர் பெற்றது. ஒரு சிறுவன் 12 வயதில் சேர்ந்து 18 வயதில் முதல் அணிக்கு ஏறும் வரை, அதே பெயரில் அதே ஊரில் நின்ற தொழில்முறைக் கிளப் தில்லியில் இல்லை என்பதே இந்த வரலாற்றின் சாரம்.

ஐஎஸ்எல் தொடக்க ஆண்டுகளில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017இல் ஐந்தாகவும் 2021இல் நான்காகவும் அது குறைந்தது. கோல் அடிக்கும் இடங்கள் பெரும்பாலும் அவர்களுக்கே போயின. மறுபக்கம், நல்ல இந்திய வீரர்கள் குறைவு என்பதால் அவர்களுடைய சம்பளம் ஏறியது. ஐரோப்பாவின் சிறிய லீகில் கிடைப்பதைவிட உள்ளூரில் அதிகம் கிடைக்கும்போது, குடும்பத்தைத் தாங்கும் 20 வயது இளைஞன் ஏன் மின்ஸ்க்குக்குப் போவான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் 2025இல் கூட்டமைப்புக்கும் வணிகப் பங்குதாரருக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடிவுக்கு வந்த சிக்கலில் ஐஎஸ்எல் பருவம் வழக்கமான காலத்தில் தொடங்கவே முடியாமல் போனது. உள்ளூர்ப் பாதுகாப்பு என்று நம்பியதும் எவ்வளவு மெலிந்தது என்று அப்போது தெரிந்தது.

பெண்கள் வேறொரு வழியைக் கண்டார்கள். சென்னையில் பிறந்து தில்லியில் வளர்ந்த கோல்கீப்பர் அதிதி சௌஹான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் படிக்கப்போய், 2015இல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்தார். தில்லியின் டாலிமா சிப்பர் கனடாவில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆடினார். கல்வியும் ஆட்டமும் சேர்ந்த இந்த வழி, தோற்றாலும் கையில் பட்டம் மிஞ்சும் வழி. இதை ஆண்கள் கால்பந்தும் கவனிக்க வேண்டும்.

பணம் திரும்பிவரும் வழி

ஒரு வீரன் மாற்றுத்தொகையோடு வேறு நாட்டுக்குப் போகும்போது, அதில் 5 விழுக்காடு வரை அவனை வளர்த்த கிளப்களுக்குப் பகிரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஒவ்வொரு பருவத்துக்கும் 0.25 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொரு பருவத்துக்கும் 0.5 விழுக்காடு. 4 கோடி யூரோ என்றால், 13 வயதில் ஓராண்டு பயிற்சி கொடுத்த கிளப்புக்கு ஒரு லட்சம் யூரோ, 17 வயதில் கொடுத்த கிளப்புக்கு இரண்டு லட்சம் என்று கணக்கு வரும். ஒரு நல்ல வீரன் வெளியே போனால் பத்துச் சிறுவர் அணிகளுக்குப் புல்தரை வந்துவிடும்.

இதற்குச் சிறுவனின் ஒவ்வொரு பருவமும் கூட்டமைப்பில் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். தில்லியில் எத்தனையோ பயிற்சியாளர்கள் பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் காலை ஆறு மணிக்குப் பையன்களைத் தேற்றுகிறார்கள். அவர்களின் உழைப்பு ஏட்டில் ஏறாவிட்டால், நாளை அந்தப் பையன் எங்கே போனாலும் அவர்களுக்கு ஒன்றும் வராது.

தாஷ்கண்டை நான் இலட்சிய நகரமாகக் காட்டவில்லை. அங்கே பல கிளப்கள் ரயில்வே, சுரங்கம், எரிவாயு போன்ற அரசு சார்ந்த தொழில்களின் பணத்தில் ஓடுகின்றன. அரசு முகம் திருப்பினால் ஆட்டம் காணக்கூடிய ஏற்பாடு அது. உலகக் கோப்பைக்கு முன் அவர்கள் பட்ட ஏமாற்றங்களும் நீளம்: 2006 தகுதிச்சுற்றில் அவர்கள் வென்ற ஆட்டமே நடுவர் பிழையால் ரத்தாகி, மறு ஆட்டத்துக்குப் பின் பஹ்ரைனிடம் வாய்ப்பை இழந்து வெளியேறினார்கள். 2014 தகுதிச்சுற்றில் ஜோர்டானிடம் பெனால்டியில் 8-9 என்று தோற்றார்கள். அத்தனைக்குப் பிறகும் சிறுவர் அணிகளுக்கான செலவை நிறுத்தவில்லை. 2018இல் 23 வயதுக்குட்பட்டோர், 2023இல் 20 வயதுக்குட்பட்டோர், 2025இல் 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று வயதுப் பிரிவிலும் ஆசியக் கோப்பை அவர்கள் கைக்கு வந்தது அதனால்தான்.

தில்லி என்ன செய்யலாம்

தலைநகருக்கு வேண்டியவை புதுமையானவை அல்ல. 12 வயதிலிருந்து ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் ஆண்டில் எட்டு மாதமாவது நடக்கும் லீக் வேண்டும். நாலு நாள் நாக்-அவுட் போட்டிகள் அதற்கு ஈடாகாது. ஆரோஸ் போன்ற இளைஞர் அணி ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து, பத்தாண்டுக்கு மூடமாட்டோம் என்று கூட்டமைப்பு எழுதித்தர வேண்டும். போர்ச்சுகல், செர்பியா, நார்வே போன்ற நாடுகளின் சிறிய கிளப்களோடு நிலையான உறவு வேண்டும். நார்வேயின் ஸ்டாபேக் கிளப்பில் மூன்று ஆண்டு இருந்து, 2016இல் யூரோப்பா லீக் தகுதிச்சுற்றில் ஆடிய குர்பிரீத் சிங் சந்து அந்த வழி சாத்தியம் என்று காட்டியிருக்கிறார். உள்ளூர் லீகின் நேர்மையும் காக்கப்பட வேண்டும். 2024 பிப்ரவரியில் தில்லி பிரீமியர் லீக் ஆட்டம் ஒன்றில் அடுத்தடுத்து விழுந்த சொந்த கோல்களின் காணொளி விசாரணைக்குப் போனது. அப்படிப்பட்ட களத்தில் ஆடிய நிமிடங்களை எந்த வெளிநாட்டுக் கிளப் நம்பும்?

திறமை தேடும் முகாம்களுக்கும், நட்சத்திரங்களை ஒருநாள் வரவழைக்கும் விழாக்களுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியை இவற்றுக்குத் திருப்பினாலே தொடக்கம் நடந்துவிடும். அடுத்த ஆறு ஆண்டில் 18 வயதாகப்போகிற தில்லிச் சிறுவனுக்கு இப்போது வயது 12. அவனை ஐரோப்பா வந்து தேர்ந்தெடுக்கப் போவதில்லை, ஃபிஃபா விதி அதற்கு இடமும் தராது. இந்த ஆறு ஆண்டுகளில் அவனுக்கு எத்தனை முறையான ஆட்டங்கள் கிடைக்கின்றன என்பதைத் தில்லியே தீர்மானிக்கும். தாஷ்கண்ட் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. நாமும் ஏற்றுக்கொண்டால், சேத்ரிக்குப் பிறகு யார் என்ற கேள்வியை இன்னொரு தலைமுறை கேட்க வேண்டியிருக்காது.